ரோன் மலைச்சரிவுச் சிவப்பு ஒயின்: "குடும்பத் தோட்டம்" என்றால் நிஜமாகவே ஏதாவது வித்தியாசம் உண்டா?

லியோன்_புதுசு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருச்சி. வேலைக்காக பிரான்ஸில் லியோன் வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஒயினைப் பற்றி எனக்குப் பெரிய ஞானம் எதுவும் கிடையாது. சூப்பர் மார்க்கெட்டில் 5 யூரோவுக்குக் கிடைக்கும் கோத் து ரோன் என்ற சாதாரண ரோன் ஒயின், அதோடு சரி.

அலுவலகத்தில் ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அங்கே கோர்னாஸ் என்று ஒரு சிவப்பு ஒயினைத் திறந்தார். கோப்பையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனதுமே மிளகு வாசனை. "இதில் மசாலா ஏதாவது போடுவார்களா?" என்று கேட்டே விட்டேன், மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் கறுப்பு ஆலிவ், லேசாகப் புகை வாசனை. நான் வழக்கமாகக் குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விலையைக் கேட்டால் 40 யூரோவுக்கு மேல் என்றார். சின்னக் குடும்பம், செங்குத்தான சரிவு, எல்லாமே கைவேலை, அதனால்தான் அந்த விலையாம்.

என் சந்தேகம் இதுதான். அதுவும் ரோன், இதுவும் ரோன், ஆனால் விலை எட்டு மடங்கு. இந்தக் "குடும்பம், மலை, கைவேலை" எல்லாம் விற்பனைக்காகச் சொல்லும் கதையா, உண்மையா? 25 யூரோவுக்குள் அந்த மிளகு வாசனை கிடைக்குமா? நேரில் போய்ப் பார்க்க முடியுமா? என்னிடம் கார் இல்லை.

---

பந்தல்காரன்:

தம்பி, நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள், என் சம்பளமே அந்தச் சரிவில் இருந்துதான் வருகிறது. தூர்னோன் பக்கத்தில் ஒரு குடும்பத் தோட்டத்தில் முழுநேர வேலை. ஒரு தாய், இரண்டு மகன்கள், என்னோடு இன்னொரு ஆள், அவ்வளவுதான் அங்கே கூட்டம். ஊரில், யாழ்ப்பாணத்தில், எங்கள் வீட்டிலும் முந்திரிகை இருந்தது. நீங்கள் திராட்சை என்பீர்கள். அங்கே பந்தல், தலைக்கு மேலே குலை தொங்கும், நிழலில் நின்று வெட்டலாம். இங்கே நிழல் என்ற பேச்சே இல்லை.

முதலில் மிளகு. நீங்கள் கேட்டது சிரிக்கிற கேள்வி இல்லை. வடக்கு ரோனில் சிவப்பு வைனுக்கு இருப்பது சிரா என்ற ஒரே இனம். அதன் தோலில் ரோட்டண்டோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. நம் வீட்டு மிளகுக்கு மணம் கொடுப்பதும் அதேதான். 2008இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். குளிர்ச்சியான வருடங்களில் அது கூடுதலாக வரும், வெயில் கொளுத்தினால் குறைந்துபோகும். அடுத்த தடவை மேசையில் சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இனி அந்த 5 யூரோ போத்தல். அதில் பெரும்பாலும் தெற்கே விளைந்த கிரெனாஷ் என்ற திராட்சை இனம்தான் இருக்கும். அவிஞ்ஞோன் பக்கம் போனால் நிலம் அகலமாக, மட்டமாகக் கிடக்கும். வரிசைக்கு மேலேயே இயந்திரம் ஓடிக் குலையை உதிர்த்துக்கொண்டு போய்விடும். அது மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், தினசரிச் சாப்பாட்டுக்கு நானும் அதைத்தான் வாங்குகிறேன். ஆனால் வியென் நகரத்துக்குக் கீழே தொடங்கி வலான்ஸ் வரைக்கும் ஆற்றை ஒட்டி நிற்கும் சரிவுகள் வேறு உலகம். வடக்கே கோத் ரோத்தி, நடுவில் எர்மிதாஜ், தெற்கு முனையில் உங்கள் கோர்னாஸ், மேற்குக் கரை நெடுக ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு சேன் ஜோசெப். மொத்த ரோன் உற்பத்தியில் இவையெல்லாம் சேர்ந்தாலும் மிகச் சின்னப் பங்குதான்.

சரிவு என்றால் எப்படிச் சரிவு? கோத் ரோத்தியில் சில இடங்களில் 60 சதவீதத்தைத் தாண்டும், அதாவது 100 மீட்டர் முன்னால் போவதற்குள் 60 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். டிராக்டர் ஏறாது. மண்ணைக் கிளற வேண்டுமென்றால் மேலே விஞ்ச் என்ற இழுவை இயந்திரத்தை நிறுத்தி, கம்பிவடத்தால் கலப்பையை இழுக்க விட்டு, ஒரு ஆள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏற வேண்டும். பிடி தளர்ந்தால் கலப்பை துள்ளி வேரில் விழும். வருடக்கணக்கில் நின்ற சிரா ஒன்றை ஒரு நொடியில் அறுத்துவிடலாம். கொடிக்குப் பந்தலும் இல்லை, கம்பி வேலியும் பல இடங்களில் இல்லை. ஒவ்வொரு கொடிக்கும் ஒரு மரக்கம்பு, எஷலா என்பார்கள். உங்கள் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால் நினைவிருந்தால் அதே தோற்றம்தான், மலையில் தூக்கி வைத்த மாதிரி. கோத் ரோத்தியில் இரண்டு கம்புகளைச் சாய்த்து மேலே சேர்த்துக் கட்டுவார்கள். வடக்கிலிருந்து வரும் மிஸ்திரால் காற்று அப்படிப் பேயாட்டம் ஆடும்.

அப்புறம் கல் அணை. எங்கள் பக்கம் ஷாயே என்று சொல்வோம், சீமெந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லை வைத்து எழுப்பிய சுவர். ஏன் சீமெந்து இல்லை என்றால், மழைத் தண்ணீர் இடுக்கால் கசிந்து வெளியேற வேண்டும். பூசி அடைத்தால் உள்ளே தண்ணீர் கட்டி, ஒரு நாள் சுவரே வயிறு தள்ளிக்கொண்டு விழும். சுவர் சரிந்தால் அதன் பின்னால் இருக்கும் மண்ணும் கொடியும் கீழ்ப் படிக்கு வந்துவிடும். குளிர்காலத்தில் எங்கள் வேலையில் பாதி கவாத்து, பாதி இந்தச் சுவர் கட்டுவது. பெரிய மழைக்குப் பிறகு கீழே இறங்கிய மண்ணைக் கூடையில் அள்ளி மேலே கொண்டுபோய்க் கொட்டுவதும் உண்டு. முதல் தடவை அதைச் செய்யச் சொன்னபோது பகிடி விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

விலையை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கோர்னாஸில் சட்டப்படி ஒரு ஹெக்டேருக்கு 40 ஹெக்டோ லீட்டர்தான் அடிப்படை உச்சவரம்பு. 4,000 லீட்டர், அதாவது 5,300 போத்தல் சொச்சம். வயதான கொடி அந்த அளவைக் கிட்டவும் வராது. 5 ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு நல்ல வருடத்தில் 25,000 போத்தல் கிடைத்தால் பெரிய விஷயம். அதில் ஆலங்கட்டி மழை வந்தால் போச்சு. 2019 யூன் 15 அன்று எதிர்க்கரையில் குரோஸ் எர்மிதாஜ் பக்கம் அடித்த ஆலங்கட்டியில் பல பேருக்கு ஒரே பின்னேரத்தில் அந்த வருடமே முடிந்தது. 2021 ஏப்ரலில் உறைபனி.

இந்தச் சரிவுகள் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட கைவிடப்பட்ட நிலம் என்பதையும் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிலொக்ஸெரா பூச்சி கொடியை அழித்தது, பிறகு முதலாம் உலகப் போர் ஆட்களைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் ஆலை வேலைக்கும், மேட்டு நிலத்தில் ஆப்ரிகாட் பழ மரத்துக்கும் போனார்கள். 1970களில் கோத் ரோத்தி முழுவதும் சேர்த்து 100 ஹெக்டேர்கூட இல்லை. இன்றைக்கு 300க்கு மேல். அந்தக் காலத்தில் காசு வராத நிலத்தை விடாப்பிடியாக வைத்திருந்தது குடும்பங்கள்தான். வேலைக்குச் சம்பளம் என்று யாருக்கும் கணக்கெழுத வேண்டியிருக்கவில்லை, அதனால்தான் முடிந்தது. கோர்னாஸில் ஓகுஸ்த் கிளாப் 1950களிலேயே வைனை வியாபாரிக்குப் பீப்பாயோடு விற்பதை விட்டு, தானே போத்தலில் அடைக்கத் தொடங்கினார். 2018இல் காலமானார். இப்போது மகன் பியேர் மரி, பேரன் ஒலிவியே. அந்த வீட்டில் இன்றைக்கும் புது ஓக் பீப்பாய் வாசனை கிடையாது. கொங்கிரீட் தொட்டி, பழைய பெரிய மரப்பீப்பாய், அவ்வளவுதான்.

எனவே கதை உண்மைதான். ஆனால் "குடும்பம்" என்ற சொல்லை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அம்புயி ஊரில் கிகால் நிறுவனம் 1946இல் எத்தியேன் கிகால் தொடங்கியது, மகன் மார்செல், பேரன் பிலிப் என்று இன்றைக்கும் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் மற்றவர்களின் பழத்தையும் வைனையும் வாங்கி, கோத் து ரோனைப் பெரிய அளவில் விற்கும் நிறுவனமும்கூட. நீங்கள் சூப்பர் மார்க்கெட்டில் பார்க்கும் போத்தல் அவர்களுடையதாகவே இருக்கலாம். மோவ் கிராமத்து ஷாவ் வீட்டார் 1481இலிருந்து தோட்டம் வைத்திருக்கிறார்கள், அதுவும் குடும்பம்தான், ஆனால் அவர்களுடைய எர்மிதாஜ் விலை என் ஒரு வாரச் சம்பளத்தோடு போட்டி போடும். குடும்பமா என்று கேட்பதைவிட, கவாத்துக் கத்தரியைப் பிடிக்கிறவர் யார், பழம் எந்தச் சரிவில் இருந்து வருகிறது என்று கேளுங்கள்.

---

சமையல்கட்டு_மணி:

பந்தல்காரன் அண்ணை இருக்கும்போது தோட்டத்தைப் பற்றி நான் வாயைத் திறக்க மாட்டேன். சாப்பாடு மட்டும் சொல்கிறேன். லியோனில் ஒரு உணவகத்து அடுப்படியில் இருக்கிறேன்.

சிரா வாங்கிக்கொண்டு போய் வீட்டில் காரசாரமாக மட்டன் குழம்பு வைத்துக் குடித்தால் இரண்டும் பாழ். மிளகாய்க் காரம் நாக்கில் இருக்கும்போது ஆல்கஹால் எரிச்சல் இரண்டு மடங்காகும், இளம் கோர்னாஸின் துவர்ப்பு வாயை ஒட்டவைக்கும். மிளகாய் போடாமல் முழுக்க மிளகிலேயே ஆட்டிறைச்சி வறுவல் செய்யுங்கள், வெங்காயத்தை நன்றாக வதக்கி, தேங்காய் கொஞ்சம் சேர்த்து. அதற்கும் சேன் ஜோசெப்புக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. கத்தரிக்காயைச் சுட்டு மசித்தாலும் பொருந்தும், அந்தப் புகை வாசனை இரண்டிலும் இருக்கிறது.

இன்னொன்று, "சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி" என்று யாராவது சொன்னால், யூலை மாதத்து லியோன் அறையை நினைத்துக்கொள்ளுங்கள். 28 பாகையில் அது சூடான பழச்சாறு. 16 பாகை போதும். குளிர்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். இளம் போத்தல் என்றால் சாப்பாட்டுக்கு முன்னாலேயே திறந்து ஒரு கூஜாவில் ஊற்றி வையுங்கள். கூஜா எந்தக் கூஜாவாக இருந்தாலும் சரி, கடையில் விற்கும் கண்ணாடிக் கலைப்பொருளுக்கெல்லாம் செலவழிக்க வேண்டாம்.

---

லியோன்_புதுசு:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை, ரொம்ப நன்றி அண்ணா. மணி அண்ணா, மிளகு வறுவல் ஞாயிற்றுக்கிழமை முடிவாகிவிட்டது.

சரி, கடைக்குப் போனால் லேபிளை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? "கவாத்துக் கத்தரி யார் கையில்" என்று லேபிளில் எழுதியிருக்காதே!

---

பந்தல்காரன்:

ஏறக்குறைய எழுதித்தான் இருக்கும். "மி ஆன் பூத்தேய் ஓ தொமேன்" என்று இருந்தால் விளைவித்த இடத்திலேயே போத்தலில் அடைத்தது. "ஆ லா புரொப்ரியேத்தே" என்றால் கூட்டுறவுச் சங்கம் அடைத்ததாகவும் இருக்கலாம். அதை உடனே தள்ளிவிட வேண்டாம். தேன் லெர்மிதாஜ் ஊர்க் கூட்டுறவு 1933இல் தொடங்கியது, நல்ல வைன் போடுகிறார்கள். அந்தச் சங்கத்துக்குப் பழம் கொடுப்பதும் குடும்பங்கள்தானே. தோளில் பீப்பாய் சுமந்து போகும் மனிதன் படம் மூடியில் தெரிந்தால், அது விஞ்ஞெரோன் ஆந்தெபாந்தான் அமைப்பின் சின்னம். தானே பயிரிட்டு, தானே வைனாக்கி, தானே அடைத்து விற்கிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். கடையில் அவசரமாகப் பார்க்கிறவர்களுக்கு இதைவிடச் சுலபமான அடையாளம் இல்லை.

சேன் ஜோசெப்பில் கொஞ்சம் கவனம். 1956இல் அந்தப் பெயரைக் கொடுத்தபோது மோவ், தூர்னோன் பக்கத்து ஆறு கிராமங்கள்தான். 1969இல் எல்லையை விரித்தபோது சரிவும் வந்தது, சரிவில்லாத நிலமும் உள்ளே வந்தது. இன்றைக்கு ஒரே பெயரில் இரண்டு விதமான வைன் கிடைக்கிறது. கடைக்காரரிடம் "இது கொத்தோவா?" என்று கேளுங்கள், அதாவது சரிவா என்று. தெரியாதவர் முழிப்பார், தெரிந்தவர் மண் வரைக்கும் சொல்வார்.

25 யூரோவுக்கு என் யோசனை: பெயர் பெற்ற மலையின் மலிவான போத்தலைத் தேடாதீர்கள். நல்ல கையின் மலிவான போத்தலைத் தேடுங்கள். இந்தச் சின்னத் தோட்டக்காரர்கள் அநேகமாக எல்லோரும், பெரிய வைனுக்குக் கீழே இன்னொன்று வைத்திருப்பார்கள். சரிவின் அடிவாரத்தில், அல்லது எல்லைக்கு வெளியே மேட்டில் நிற்கும் சிராவில் செய்து "கொலின் ரோதானியேன்" என்ற பெயரில் விற்பார்கள், 12 முதல் 18 யூரோவுக்குள் கிடைக்கும். அதே ஆள், அதே தொட்டி, அதே பிடிவாதம். எங்கள் வீட்டில் மூத்த மகன் அந்தப் போத்தலுக்குக் குலை தெரிவு செய்யும்போதும் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வான். அந்த மிளகு அதில் இருக்கும், இரண்டு மூன்று வருடத்திலேயே குடிக்கலாம். கோர்னாஸை இப்போதே வாங்கினால் இன்னும் ஐந்தாறு வருடம் படுக்க வைக்க இடம் வேண்டும், லியோன் வாடகை வீட்டில் அது எங்கே? 2021 வருடத்துச் சேன் ஜோசெப் கண்ணில் பட்டால் விடாதீர்கள். குளிர் வருடம், உடம்பு மெலிவு, அதனால் பலர் தூக்கிப் பிடிக்கவில்லை. ஆனால் மிளகு கேட்டவருக்கு அதுதான் தோது.

இங்கே சொத்துப் பிரிப்பும் நம்மூர் மாதிரிதான் நடக்கும். பிரெஞ்சுச் சட்டப்படி எந்தப் பிள்ளையையும் பங்கில்லாமல் விட முடியாது. அதனால் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகும். அம்புயிக்கு மேலே ஜாமே சகோதரர்கள் இருவரும் 2013இல் தனித்தனியாகப் போனார்கள், ஆகவே ஒரே குடும்பப் பெயரில் இரண்டு லேபிள் பார்த்தால் குழம்ப வேண்டாம், முன்பெயரையும் வாசியுங்கள். எல்லாக் குடும்பங்களும் தாக்குப்பிடிப்பதும் இல்லை. கோந்திரியு பக்கத்தில் ஷாத்தோ கிரியே தோட்டம் பல தலைமுறையாக ஒரே குடும்பத்திடம் இருந்து, 2011இல் பினோ என்ற பெரிய வணிகக் குடும்பத்தின் குழுமத்தின் கைக்குப் போனது. அது வெள்ளை வைன், ஆனால் எங்கள் ஊர்களில் அடுத்தது யார் என்று இன்னும் கதைக்கிறார்கள். எங்கள் வீட்டு அம்மாவிடமும் ஒருவர் கோட்டும் சூட்டுமாக வந்து கேட்டுவிட்டுப் போனார். கோப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

நேரில் வர கார் தேவையில்லை. லியோன் பார் தியோ ரயில் நிலையத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தேன் லெர்மிதாஜ். நிலையத்துக்குப் பின்னாலேயே எர்மிதாஜ் குன்று, மேலே ஒரு சின்னத் தேவாலயம், நடந்தே ஏறலாம். பாலத்தால் ஆற்றைக் கடந்தால் தூர்னோன். சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தால் வியாரோனா சைக்கிள் பாதையால் கோர்னாஸ் வரைக்கும் மிதித்துப் போகலாம். ஆனால் சின்னத் தோட்டத்துக்குச் சும்மா போய்க் கதவைத் தட்டாதீர்கள், முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள். அறுவடை நேரத்தில், அதாவது ஆகஸ்ட் கடைசி முதல் செப்டெம்பர் முடியும் வரை, வேண்டாம். அப்போது எங்களுக்கு எங்கள் பெயரே ஞாபகம் இருக்காது. சுவைத்துவிட்டுத் துப்பலாம், யாரும் குறையாக எடுக்க மாட்டார்கள், துப்பாவிட்டால்தான் சைக்கிளில் திரும்புவது கஷ்டம். போகும்போது இரண்டு போத்தலாவது வாங்கிக்கொண்டு போவது மரியாதை.

---

கணக்குப்பிள்ளை_75:

இடையில் ஒரு துணைக் கேள்விக்கு முன்கூட்டியே பதில், யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். ஊருக்குக் கொண்டுபோவதானால், இந்தியாவில் பயணி ஒருவருக்கு வரியில்லாமல் 2 லிட்டர் மது. முக்கால் லிட்டர் போத்தல் இரண்டு போகும், மூன்றாவதை எடுத்தால் வரி. கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டிக்குள் போட வேண்டும். துணியைச் சுற்றி நடுவில் வையுங்கள். வேட்டி இதற்கு மிகவும் உகந்தது. ஜீன்ஸ் பற்றி நல்லபடியாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, என் மாமனாரின் சூட்கேஸைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள்.

---

லியோன்_புதுசு:

அண்ணா, கடைசியாக ஒன்று. ஒரே நாளில் பல வீட்டு ஒயினைச் சுவைத்துப் பார்க்க வழி உண்டா? ஒவ்வொரு வீடாகத் தொலைபேசியில் பிரெஞ்சில் பேசுவதை நினைத்தாலே வேர்க்கிறது.

---

பந்தல்காரன்:

உண்டு. கோர்னாஸில் டிசெம்பர் தொடக்கத்தில் வைன் சந்தை, அம்புயியில் யனவரியில் சந்தை. ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனால், மேசைக்கு மேசை வைனைச் செய்த ஆளே நின்று ஊற்றுவார். அந்த ஆளின் கையைப் பாருங்கள், அதிலேயே பாதி விளங்கும். கோர்னாஸுக்கு வருவதானால் காலையிலேயே வாருங்கள், மத்தியானத்துக்குப் பிறகு கூட்டத்தில் எதையும் முகர முடியாது. காலுறை தடிப்பாகப் போடுங்கள், டிசெம்பரில் அந்தத் தரை பனிக்கட்டி மாதிரி இருக்கும்.